நல்ல பக்கம் இல்லாத கார்

வாகனச் சேத மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு விதியைச் சொல்லித் தந்திருப்பார்கள். அடிபடாத பக்கத்தை அளந்து பார். அடிபட்ட பக்கம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அதுவே சொல்லும். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நல்ல விதி. இத்தனை வருடத்தில் அது என்னைக் கைவிட்டது ஒரு காரில் மட்டும்தான். அந்தக் காரைப் பற்றி எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜப்பானில் ஓடி முடித்த கார்கள் கப்பல் கப்பலாக ஆக்லாந்தில் வந்திறங்கிய காலம். எங்கள் காப்புறுதி நிறுவனத்துக்காக நான் ஒரு நாளில் எட்டு கார் பார்ப்பேன். மழை நாளில் பதினொன்று. எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே வடிவம், எல்லாவற்றுக்கும் அதே மூலையில் அதே நெளிவு. ஒரே கனவை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் காண்பது போல இருக்கும்.

ஒரு புதன்கிழமை மவுண்ட் வெல்லிங்டனில் பேரம்பலத்தின் கராஜுக்குப் போனேன். பேரம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், டிங்கரிங் வேலையில் அந்தப் பகுதியில் பெயர் எடுத்தவர். மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கூடாரத் துணியை இழுத்து விலக்கினார்.

உள்ளே ஒரு இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார். இடுப்பளவு உயரம்கூட இல்லை. சிப்பி ஓட்டின் உட்புறம் போல வெள்ளியும் பச்சையும் கலந்த நிறம். இடது முன் மட்கார்ட் விளக்குக் கம்பத்தில் மோதி மடிந்து போயிருந்தது. மீதியெல்லாம் தூங்குகிறவரின் முதுகு போல அமைதியாக வளைந்து கிடந்தது.

“அண்ணை, இதுக்குச் சுத்தியல் வைக்க எனக்குக் கை கூசுது,” என்றார் பேரம்பலம். “நீங்கள் எண்ணி முடிச்சுச் சொல்லுங்கோ, பிறகு பாப்பம்.”

“என்னத்தை எண்ணுறது?”

“உங்களுக்கு எண்ண ஏதும் இல்லாமல் போகுமோ? போன முறை என்ர சுவரில இருந்த ஸ்பானரையும் எண்ணிப்போட்டு ஒண்டு குறையுது எண்டனீங்கள்.”

குறைந்துதான் இருந்தது. அதை அவர் மறந்துவிட்டார்.

காரின் சொந்தக்காரர் டாக்டர் மல்லிகா. மலேசியாவில், ஈப்போவில் பிறந்த தமிழர், பல் வைத்தியர். நாற்பது வயது இருக்கும். நோயாளிகளுக்கு இடையில் கிடைத்த நேரத்தில் ஓடி வந்திருந்தார். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. முதல்நாள் மழையில் சுற்றுவட்டத்தில் சறுக்கிப் போய்க் கம்பத்தில் மோதியதாகச் சொன்னார்.

“அஞ்சு வருஷமா வச்சிருக்கேன் சார். என் காடியில ஒரு கீறல் விழுந்ததில்ல. இதான் மொத தடவ,” என்றார். காரை அவர் காடி என்றுதான் சொல்வார்.

நான் விதிப்படி தொடங்கினேன். முன்பக்கம் முடிந்து, வழக்கப்படி பின்பக்கத்துக்கும் வந்தேன். பின்பக்கம் இந்த விபத்தில் எதிலும் படவில்லை. அதனால் இடது பின் மட்கார்டும் வலது பின் மட்கார்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. இடது பக்கம் பதினொரு மில்லிமீட்டர் நீளம். பேரம்பலத்தை நாடாவின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லித் திரும்ப அளந்தேன். பதினொன்றுதான். தோளின் வளைவும் வேறாக இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் பூரித்து, மறுபக்கம் கொஞ்சம் வற்றி.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரே அர்த்தம்தான். இந்தக் கார் முன்பு எப்போதோ பின்னால் அடிபட்டு, யாரோ திருத்தியிருக்கிறார்கள். காப்புறுதி எடுக்கும்போது “முன்சேதம் உண்டா” என்ற கேள்விக்கு டாக்டர் இல்லை என்று பதில் சொல்லியிருந்தார். அப்படியானால் அது பொய்.

வழக்கமாக இதை உறுதி செய்ய எங்களிடம் இரண்டு வழி உண்டு. காந்தத்தை வைத்துப் பார்ப்போம். நெளிவை நிரப்பப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. இந்தக் கார் முழுவதும் அலுமினியம். காந்தம் எங்கேயும் ஒட்டவில்லை. அடுத்தது சேசிஸ் என்ற அடிச்சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்ப்போம். கம்பத்தில் மோதியதில் சேசிஸே முறுகியிருந்தது. பழைய முறுகலா புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது.

நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “பின்னால என்ன நடந்தது டொக்டர்?” என்று கேட்டேன்.

“பின்னாலயா? ஒண்ணும் நடக்கலயே.”

“ரெண்டு பக்கமும் ஒண்டா இல்லை.”

அவர் சிரித்தார். “எப்படி சார் ஒண்ணா இருக்கும்? அத செஞ்சவங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்கலா.”

பேச்சின் முடிவில் ஒரு “லா” சேர்ப்பது அவர் ஊர் வழக்கம். பிறகு ஒரு கதை சொன்னார். படித்து முடித்து வேலை கிடைத்த முதல் விடுமுறையில், இந்தக் காரின் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அது பிறந்த ஊருக்கே போய் வந்தவர் அவர். தொழிற்சாலை அதற்குள் மூடியாகிவிட்டது. எதிரே இருந்த காப்பிக் கடையில் நான்கு நாள் உட்கார்ந்து, அங்கே வேலை செய்த கிழவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறார்.

வட இத்தாலியச் சமவெளியில் ஒரு சிற்றூர். குளிர்காலம் முழுக்க மூடுபனி தரையை விட்டு எழும்பாதாம். தேவாலய மணி மட்டும்தான் தேவாலயம் இருக்கும் திசையைச் சொல்லுமாம். அங்கே பால் ஊற்றி வைக்கும் தாங்கிகள் செய்துகொண்டிருந்த ஒருவர், போர் முடிந்த பிறகு மிஞ்சிய அலுமினியத்தில் தனக்கென்று ஒரு காரைச் செய்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒன்று கேட்டார். அடுத்து ஒரு வைத்தியர் கேட்டார். ஒரு மலைப்பாதைப் பந்தயத்தில் அவர் செய்த கார் முதலில் வந்தது; அதன் பிறகு பிரபுக்களும் நடிகைகளும் அந்த மூடுபனிக்குள் வழி கேட்டு வந்தார்கள். பிறகு பெட்ரோல் விலை ஏறியது. நடிகைகள் வருவது நின்றது. நிறுவனம் கைமாறியது, திரும்பவும் கைமாறியது. வந்த ஒவ்வொரு முதலாளியும் காரின் மூக்கில் இருந்த சின்னத்தை மட்டும் கொஞ்சம் மாற்றினார். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. அதற்கு இன்று வேறு சொந்தக்காரர்.

எந்த முதலாளி வந்தாலும் உடற்பகுதியைத் தட்டியவர்கள் அதே இரண்டு பேர். இருவரும் மச்சான்மார். ஒரு கல்யாணத்தில் யாரை முன்வரிசையில் உட்கார வைப்பது என்ற சண்டையில் பேச்சை விட்டவர்கள். பால் தாங்கிக்காரர் இருவரையும் இழக்க விரும்பவில்லை. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்து, ஒருவருக்கு இடது பக்கம், மற்றவருக்கு வலது பக்கம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்.

“அளவுக்கு அச்சு ஒண்டும் இல்லையோ?” என்று பேரம்பலம் கேட்டார். அவருடைய கவலை அது.

“மரத்துல ஒரு அச்சு இருந்திச்சாம். ஒரு வருஷம் சம்பளமும் வரல, குளிரும் தாங்கல, அத ஒடைச்சு அடுப்புல போட்டுட்டாங்களாம்.”

“அப்ப கண்ணளவுதான்.”

“ஆமாலா. டிக்கி மூடிய வைக்கறப்ப மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா புடிக்கணும். அப்பவும் பேச்சில்ல. இவரு மூக்கால ஒரு சத்தம் விடுவாரு, அவரு தூக்குவாரு.”

பேரம்பலம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலையில் எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன். குறுக்கே ஓடிய ஆட்டுக்குட்டி மட்டும் முப்பத்திரண்டு. பதினொரு மில்லிமீட்டருக்கு இத்தாலியில் ஒரு கல்யாணம் என்பது இதுவே முதல் தடவை.

அலுவலகத்தில் எங்கள் மேலாளர் கதையைப் பொறுமையாகக் கேட்டார். அவர் இந்த நாட்டுக்காரர், என்னைவிட இளையவர், கெட்டவரில்லை, அவசரக்காரர். நூலகத்திலிருந்து அந்த நிறுவனமே வெளியிட்ட வரலாற்றுப் புத்தகத்தை எடுப்பித்து வைத்திருந்தார். முதல் கைமாற்றத்துக்குப் பிறகு எல்லாப் பாகங்களும் இயந்திர அச்சில் அழுத்திச் செய்யப்பட்டன என்று அதில் இருந்தது. டாக்டரின் கார் அதற்குப் பிந்தியது.

“நிறுவனமே ஒன்று சொல்கிறது, காப்பிக் கடை ஒன்று சொல்கிறது. நீங்கள் எதை எழுதப் போகிறீர்கள்?” என்றார். “வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் வேண்டும்.”

அந்த வெள்ளிக்கிழமைக்கு இன்னொரு கனமும் இருந்தது. டாக்டர் ஒரு வீடு வாங்கிக்கொண்டிருந்தார். அன்று மாலைக்குள் வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தைக் காட்டினால்தான் வங்கி மோர்ட்கேஜ் பணத்தை விடும். நான் “முன்சேதத்தை மறைத்தவர்” என்று எழுதினால் நாங்கள் வீட்டுக்கும் காப்புறுதி கொடுக்க மாட்டோம். அந்தப் பதிவைப் பார்த்த வேறு எந்த நிறுவனமும் கொடுக்காது. வீடு போகும். தமிழர்கள் நாங்கள் அப்போது இந்த ஊரில் சிலர்தான். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் செய்தி போய்விடும். ஒரு வரியில் ஒரு மனுஷியைப் பொய்க்காரி ஆக்கிவிடலாம். அந்த வரியை எழுதும் வேலைதான் உங்களுக்கும் எனக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அதே வகைக் கார் இந்தத் தீவில் இன்னொன்று இருந்தது. ஆல்பனியில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த ஒரு முதியவருடையது. புதிதாக இறக்குமதி செய்த நாளிலிருந்து அவரிடமே இருப்பது. வியாழக்கிழமை காலை அவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

துறைமுகப் பாலத்தில் ஏறும்போது மூடுபனி. கடல் இல்லை, நகரம் இல்லை, எனக்கு முன்னால் போன லொறியின் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும். கண்ணாடி துடைப்பான் இடமும் வலமுமாகத் தட்டியது. அந்த இரண்டு தட்டலும் ஒரே மாதிரி இல்லை என்று திடீரென்று கேட்கத் தொடங்கியது. இடப்பக்கம் சின்னதாக, வலப்பக்கம் அகலமாக. பனிக்குள் எங்கோ ஒரு கொட்டகை, கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு முதுகுகள், ஒன்றையொன்று பார்க்காத இரண்டு சுத்தியல்கள். நான் பாலத்தில் போகிறேனா, அந்தச் சமவெளியில் போகிறேனா என்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்தேனா என்ற வழக்கமான கவலை வந்து என்னைக் காப்பாற்றியது.

அப்போது ஆல்பனி பெரும்பாலும் தோட்டங்கள்தான். கார் ஆப்பிள் களஞ்சியத்தில் நின்றது, பெட்டிகளுக்கு நடுவில், பழ வாசனைக்குள். முதியவர் துணியை விலக்கினார். ஒருமுறைகூட அடிபடாத கார் என்றார். குனிந்து சேசிஸை மூலைக்கு மூலை அளந்தேன், நேராக இருந்தது. பின் மட்கார்டுகளை அளந்தேன். இங்கேயும் இடது பக்கம்தான் நீளம். ஆனால் ஏழு மில்லிமீட்டர்.

பதினொன்று இல்லை, ஏழு. இரண்டும் பதினொன்றாக இருந்திருந்தால் அறிக்கையை அங்கேயே எழுதியிருப்பேன். ஏழு எதையும் நிரூபிக்கவில்லை. டாக்டர் காரின் மிச்ச நான்கு மில்லிமீட்டர் ஒரு பழைய விபத்தாக இருக்கலாமே. ஏழு இயற்கை, நான்கு பொய்யா என்று மேலாளர் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். முதியவர் ஒரு ஆப்பிளை நீட்டினார். டிக்கியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்டதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. சும்மா திரும்பிப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். உள்ளே இருந்த விரிப்பை அவர் விலக்கிவிட்டார். அதன் பின்னால் மட்கார்டின் உட்புறம். வர்ணம் பூசாத வெறும் அலுமினியம்.

“கையை விட்டுப் பார். எலி கடித்தால் என்மேல் வழக்குப் போடாதே,” என்றார்.

இடது பக்கத்தில் கையை உள்ளே விட்டேன். விரல் நுனியில் சின்னச் சின்னக் குழிகள், நெருக்கமாக, வட்டமாக, மீன் செதில் போல. எண்ணத் தொடங்கினேன். நூறைத் தாண்டியதும் குழம்பியது. திரும்பவும் தொடங்கி, திரும்பவும் குழம்பி, விட்டுவிட்டேன். பிறகு வலது பக்கம். அங்கே அப்படி இல்லை. அகலமான, சரிந்த தட்டல்கள், காற்றில் சாய்ந்து பெய்யும் மழை போல. ஒரு மனிதர் மணிக்கட்டால் தட்டியிருக்கிறார். மற்றவர் தோளிலிருந்து தட்டியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றேன். உலோகத்தின் மறுபக்கத்தில் யாரோ மூச்சுவிட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது.

இயந்திரம் குழி விடாது. அந்தக் காரும் கைமாற்றத்துக்குப் பிந்தியதுதான். வரலாற்றுப் புத்தகத்தில் இருந்தது ஒருவேளை முதலாளியின் விருப்பமாக இருக்கலாம்.

நேரே மவுண்ட் வெல்லிங்டனுக்கு ஓட்டினேன். பேரம்பலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“டிக்கியைத் திறவும்.”

“சோத்தை முடிக்க விடுங்கோவன் அண்ணை.”

“திறவும் எண்டுறன்.”

விரிப்பை விலக்கிக் கையை விட்டேன். இடது பக்கம் செதில். வலது பக்கம் மழை. அதே மணிக்கட்டு, அதே தோள். இடையில் ஒரு இடத்திலும் வேறொரு கை புகவில்லை. பேரம்பலம் கையைக் கழுவிவிட்டு வந்து, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஆரும் தட்டி நிமித்தி இருந்தால் இந்தக் குழியெல்லாம் சிதைஞ்சிருக்கும்,” என்றார். “சிதையேல்ல. ரெண்டு ஆக்கள், அண்ணை. மூண்டாம் ஆள் இல்லை.”

“பதினொண்டும் ஏழும் ஏன் வித்தியாசம்?”

“நீங்கள் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரியே கையெழுத்து வைக்கிறியள்?”

பாருங்கள், எந்த வித்தியாசம் டாக்டரைப் பொய்க்காரி என்றதோ அதுவேதான் அவர் சொன்னது உண்மை என்றும் சொன்னது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பின்னாளில் யாரோ ஒருவர் ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தைத் திருத்திவிட்டார் என்று. அந்தக் காருக்கு நல்ல பக்கம் என்று ஒன்று கிடையாது. இருந்தவை இரண்டு மனிதர்களின் பக்கங்கள்.

வெள்ளிக்கிழமை காலை மேலாளரைக் கராஜுக்கு வரச் சொன்னேன். எழுதி அனுப்பினால் நம்ப மாட்டார் என்று தெரியும். நானும் நம்பியிருக்க மாட்டேன். அவர் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, சட்டைக் கையை மடித்து, டிக்கிக்குள் குனிந்தார். முதலில் இடது, பிறகு வலது, பிறகு திரும்பவும் இடது. மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்ந்தபோது அவசரம் அவர் முகத்தில் இல்லை.

“யார் இவர்கள்?” என்று கேட்டார்.

“மச்சான்மார்,” என்றேன்.

வீட்டுக் காப்புறுதிப் பத்திரம் மூன்று மணிக்கு முன்பே வங்கிக்குப் போய்விட்டது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனாலும் நான் நேரில் டாக்டரின் கிளினிக்குக்குப் போனேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா என்று கேட்டால், எதிர்பார்த்தேன்தான். கதவைத் திறந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செதில், மழை, ஏழு, பதினொன்று.

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். வீடு கிடைத்துவிட்டது என்றதும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பிறகு சொன்னார்:

“சந்தோஷம் சார். ஆனா ஒண்ணு. பல்லு வலிக்குதுன்னு ஒருத்தர் வந்தா நான் மொதல்ல நம்புவேன். அப்புறம்தான் எக்ஸ்ரே படம் எடுப்பேன். நீங்க மொதல்ல படம் எடுத்துட்டு, அப்புறம் நம்பறீங்க.”

“முதல் நம்பினால் எங்களுக்குச் சம்பளம் தரமாட்டினம், டொக்டர்.”

“தரமாட்டாங்கதான். நான் உங்கள கொற சொல்லல. நேத்து ராத்திரி பூரா தூங்கல, அத சொன்னேன்.”

அளவெடுத்ததில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. நீங்களும் அளவெடுக்காமல் எதையும் எழுதாதீர்கள். ஆனால் என் விரலில் பட்ட குழிகள் யாருடையவை என்பது எனக்குத் தெரிந்தது அவர் சொன்ன கதையிலிருந்துதான். சொல்லும்போது நான் அதைக் கேட்கவே இல்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

வெளியே காத்திருந்தவர்கள் நான்கு பேர். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். தடித்த மனிதர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். எந்தப் பல் என்று சொல்லத் தெரியவில்லை, ஒருவேளை ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், ஆனால் வலிக்கிறது என்றார். டாக்டர் விளக்கைப் போடவில்லை, கருவி எதையும் எடுக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்து, எப்போது தொடங்கியது என்று கேட்டார்.